கை பட்டுத் தடி விழுந்தது. பிழை கையில் இல்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. புதுக் கோல் வாங்கித் தர முன்வந்திருக்கும் பழைய மாணவர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன போட்டியில் எங்கள் பிள்ளை ஒருத்தி கோலூன்றிப் பாய்தலில் மூன்றாவது முயற்சியிலும் தடியை விழுத்தியதைப் பலர் பார்த்தீர்கள். கால் தாண்டியது, இடுப்பு தாண்டியது, வயிறும் தாண்டியது. இறங்கும்போது முழங்கை பட்டுத் தடி போய்விட்டது. "பிள்ளை கட்டை, உயரம் காணாது" என்றார் ஒருவர். "நல்ல கோல் ஒன்று இருந்திருந்தால் தாண்டியிருப்பாள்" என்றார் இன்னொருவர். அன்று இரவே வட்ஸ்அப் குழுவில் காசு சேர்க்கும் பேச்சு தொடங்கிவிட்டது. நல்ல மனசு, அல்லாஹ் கூலி தருவான். ஆனால் அந்தக் காசை எதற்குச் செலவழிப்பது என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

அந்தப் பாய்ச்சலை நான் போனில் எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவளுடைய இடுப்புக்கும் தடிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி! உயரம் காணாது என்றோமே, ஒரு சாண் உயரத்தை மிச்சம் வைத்துக்கொண்டுதான் அவள் தோற்றிருக்கிறாள்.

அப்படியென்றால் எங்கே பிழை? வீடியோவில் என் குரலும் கேட்கிறது. "தலையைத் தூக்கு, கையை எடு, கையை எடு!" என்று கத்துகிறேன். அவளும் சொன்னதைச் செய்தாள். தலையைப் பின்னால் எறிந்து, இரண்டு கையையும் அவசரமாக மேலே வீசினாள். அந்தரத்தில் நிற்கும் உடம்புக்கு ஊன்றிக்கொள்ளத் தரை இல்லை. ஒரு பக்கத்தை வேகமாக வீசினால் மறுபக்கம் அதற்கு ஈடு கொடுத்தே ஆகவேண்டும். தலையும் கையும் பின்னால் போக, நெஞ்சு முன்னால் வந்து தடியோடு நெருங்கியது, முழங்கை தட்டியது. பிழை பிள்ளையுடையது அல்ல, டீச்சருடையது.

சரியான முறையை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். தடியைத் தாண்டும் நேரத்தில் பிள்ளையின் வயிறு தடியைப் பார்த்து இருக்கவேண்டும். கால்கள் முதலில் மறுபக்கம் போகும். இடுப்பு தடிக்கு மேலே வந்ததும் கால்களைக் கீழே விடவேண்டும். கொடியில் காயப்போட்ட சாரம் போல உடம்பு நடுவில் மடிந்து, கால் அந்தப் பக்கமும் தலை இந்தப் பக்கமும் தொங்கும். அப்படி மடியும்போது இடுப்பு மட்டும் உடம்பின் மற்றப் பாகங்களை விட உயர்ந்து நிற்கும். நல்ல வீரர்கள் இப்படித்தான் தங்கள் உடம்பின் பார மையம் எட்டாத உயரத்தையும் தாண்டுகிறார்கள். அதன் பிறகு நெஞ்சை உள்ளே குழிக்கவேண்டும், நிமிர்த்தக்கூடாது. நாடி நெஞ்சோடு சேர்ந்திருக்க, பெருவிரல்கள் உள்பக்கம் திரும்ப, முழங்கைகள் வெளியே விலகிப் போகும். கைதான் கடைசியாகத் தாண்டுவது. கீழே பிடித்திருக்கும் கை முதலில் விடும், மேல் கை கோலை ஓடிவந்த பாதைப் பக்கம் தள்ளிவிட்டு விடும். அந்தத் தள்ளுதல் இல்லாவிட்டால் பிள்ளை தாண்டிய பிறகு கோல் வந்து தடியைத் தட்டும், அதுவும் தோல்விதான்.

இதையெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்துச் செய்ய முடியாது. பாய்ந்து எழும்பியது முதல் மெத்தையில் விழுவது வரை ஒரு சில வினாடிகள்தான். கீழே தரையில் நூறு தடவை செய்த பிள்ளைக்கே மேலே வரும்.

இன்னொரு விசயம். தடி நிற்கும் தூண்களைப் பெட்டியின் பின்விளிம்பிலிருந்து மெத்தைப் பக்கமாக 80 சென்றிமீற்றர் வரை தள்ளி வைக்கலாம். எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்று சொல்வது பாயும் பிள்ளையின் உரிமை. மேலே ஏறும்போதே தடியில் முட்டுகிறாள் என்றால் தடி கிட்ட இருக்கிறது, தள்ளி வைக்கச் சொல்லவேண்டும். தாண்டிவிட்டு இறங்கும்போது மேலேயே விழுகிறாள் என்றால் தூரம் கூடிவிட்டது. பழகும் பிள்ளைகளுக்குத் தள்ளி வைப்பதுதான் பாதுகாப்பு, மெத்தையின் நடுவில் விழுவார்கள். அன்று எங்கள் பிள்ளை மூன்று முயற்சிக்கும் தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டி நடத்துபவர்களிடம் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. (காற்று தானாகத் தடியை விழுத்தினால் அது தோல்வி அல்ல என்பதும் விதியில் இருக்கிறது. நுவரெலியாக் காற்றில் இது தெரிந்திருக்க வேண்டிய விதி.)

இனி கோல் விசயத்துக்கு வருகிறேன். "இருப்பதிலேயே நீளமான, நல்ல கோல் ஒன்று" என்று குழுவில் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு கோலிலும் அதன் நீளமும், எத்தனை கிலோ ஆளுக்கானது என்பதும் எழுதியிருக்கும். 42 கிலோ பிள்ளைக்கு 70 கிலோ ஆளின் கோலைக் கொடுத்தால் அது அவளுக்கு இரும்புக் குழாய்தான். வளையாது, நிமிராது, பாதியில் நின்று அவளை ஓடுபாதைக்கே திருப்பி எறியும். மெத்தை இல்லாத இடத்தில் முதுகு அடிபட விழுவாள். மெலிந்த கோலைக் கனமான பையனுக்குக் கொடுத்தாலும் ஆபத்து, முறியலாம். அதனால் ஒரு பெரிய கோல் வேண்டாம். சிறிய கோல்கள் மூன்று, வெவ்வேறு எடைக்கு. அதற்கும் முதலில் மெத்தை. பெரிய போட்டிகளில் 6 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 80 சென்றிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் மெத்தை போடுகிறார்கள். ஒரு தோட்டப் பாடசாலைக்கு அது கனவு என்று எனக்கும் தெரியும். ஆனால் ஹட்டனுக்கு ஒன்று, நுவரெலியாவுக்கு ஒன்று என்று பல பாடசாலைகள் சேர்ந்து வைத்துக்கொள்ள முடியாதா? கோலை பஸ்ஸின் கூரையில் கட்டி எங்கள் வளைவுகளில் கொண்டுபோகும் கஷ்டத்தைவிடப் பிள்ளைகளை மெத்தை இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது லேசு.

இந்த விளையாட்டு எங்களுக்குச் சரிவராது என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறேன். தெல்லிப்பழை மகாஜனா, அளவெட்டி அருணோதயா, சாவகச்சேரி இந்து என்று மூன்று பெயரைச் சொல்லாமல் இந்த நாட்டில் பாடசாலைக் கோலூன்றிப் பாய்தலைப் பேச முடியாது. மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையை ஒரு தடவை அல்ல, பல தடவை தாண்டியவர். சாவகச்சேரியிலிருந்து வந்தவர் புவிதரன். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்கள் இவை, வசதி கொட்டிக்கிடந்த ஊர்கள் அல்ல. வருசக்கணக்காக ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தினமும் லயத்திலிருந்து பாடசாலைக்கு ஏறி இறங்கும் படிகளை நினைத்துப் பாருங்கள். காலில் பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு வாப்பா என்னிடம் தனியாகக் கேட்டார், "டீச்சர், மகள் இதுக்கு என்ன உடுத்துவா?" நியாயமான கேள்வி, கேட்டதற்குச் சந்தோசம். முழுக்கை, முழுக்கால், தலை மூடிய உடுப்போடு பாயலாம். பஹ்ரைனின் ருகையா அல்கஸ்ரா 2006 டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் அப்படி உடுத்தி ஓடித்தான் 200 மீற்றரில் தங்கம் வென்றார். ஒன்று மட்டும், உடுப்பு தொளதொளவென்று இருக்கக்கூடாது. ரீசேட்டின் நுனி பட்டுத் தடி விழுந்தாலும் பிள்ளை தட்டியதாகத்தான் கணக்கு. தலை மூடுவதை உள்ளே செருகி, உடம்போடு நிற்கும்படி தைத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்த உம்மாமார் ஊரில் நிறையப் பேர்.

மூங்கில் கோலில் பழக்கலாமே என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். அமெரிக்காவின் கோர்னீலியஸ் வார்மர்டாம் 1940இல் மூங்கில் கோலால் 15 அடியை, அதாவது 4.57 மீற்றரைத் தாண்டினார், உலகத்தில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். அதனால் மூங்கிலை நான் கேவலமாகப் பேச மாட்டேன். ஆனால் எங்கள் ஓடைக்கரை மூங்கிலில் எங்கே வெடிப்பு இருக்கிறது என்று வெளியே தெரியாது. நீளம் பாய்தல் மணல் குழியில், தாழப் பிடித்து, தடி இல்லாமல் ஊன்றித் தொங்கிப் பழகுவதற்கு மட்டும் எடுக்கலாம். தடி வைத்துப் பாயக் கூடாது.

மெத்தை வரும்வரை நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. பின்னால் உருண்டு கைகளில் நிமிர்ந்து நிற்பது, கயிற்றில் தலைகீழாகத் தொங்கித் திரும்புவது, தாழ்ந்த கம்பியில் வயிற்றை மடித்துத் தொங்கிக் கைகளைக் கடைசியாக விடுவது, இவை எதற்கும் கோல் தேவையில்லை. அன்று அவள் தவறவிட்ட கடைசி அரை வினாடி முழுவதும் இந்த மூன்றிலும் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் டுப்ளாண்டிஸ் 2025 செப்டெம்பரில் டோக்கியோவில் 6.30 மீற்றர் தாண்டியதைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். ஓட்டத்தைப் பார்க்க வேண்டாம், இடுப்பு தாண்டிய பிறகு கைகள் என்ன செய்கின்றன என்று மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை மழை இல்லாவிட்டால் பின்னேரம் மைதானத்தில் தொடங்குகிறோம். பெரு மரத்தில் கட்டுவதற்குத் தடித்த கயிறு ஒன்றும், பழைய பஞ்சு மெத்தைகள் இரண்டு மூன்றும் வேண்டும். வீட்டில் சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கோலுக்குச் சேர்த்த காசைப் பற்றி பழைய மாணவர் சங்கம் முடிவெடுக்க முன்பு ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்கள், அந்த வீடியோவைக் கொண்டுவருகிறேன். நான் கத்துவதும் சேர்த்து.