நின்டெண்டோ 64-க்கு 28 ஆயிரம் ரூபாயா? – ஓவர்ரேட்டட் ஆன பழைய கேம் பெட்டிகள் எவை?

சண்டை ஆரம்பித்தது அய்யனார் கோவிலில். ராஜபாளையத்திலிருந்து முடங்கியார் ரோட்டில் மேற்கே போனால் மலையடிவாரத்தில் வருமே, அந்த நீர்காத்த அய்யனார் கோவில்தான். சென்னை, பெங்களூரு, கோவை என்று வேலைக்காகச் சிதறிப்போன நாங்கள் ஐந்து பேர், ஊருக்கு வந்தால் ஒரு காலைப்பொழுது அங்கே போய்விடுவோம். இந்த முறை ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதனால் குளியல் கம்மி, பேச்சு ஜாஸ்தி.

"மாப்ள, நின்டெண்டோ 64 ஒண்ணு பேசி முடிச்சிட்டேன். யூஸ்டு பீஸ். 28 ஆயிரம்" என்றான் ஒருவன். பெங்களூரில் ஐடி வேலை, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அதுல நீ ஒரு நாளாவது விளையாடிருக்கியாடா?"

"இல்ல. ஆனா லெஜண்டு மாப்ள அது."

இந்த 'லெஜண்டு' என்ற வார்த்தைதான் பிரச்சினை. யூடியூபில் அமெரிக்காக்காரர் ஒருவர் தன் சிறுவயது கிறிஸ்துமஸை நினைத்து உருகுகிறார். அதைப் பார்த்து நம் கண்ணும் கலங்குகிறது. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் நமக்கு நடக்கவே இல்லை.

சரி, அப்போது நம் ஊரில் என்ன நடந்தது?

நின்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் 1983 ஜூலையில் வந்தது. அதன் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ். 1985-ல். இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில் ஒரு பெட்டி வந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது நகல் பெட்டி. ஃபேமிகாமில் கள்ள கேசட்டைத் தடுக்கும் பூட்டு சிப் கிடையாது. உள்ளே இருந்த மூளையும் அன்று பரவலாகக் கிடைத்த 6502 வகையைச் சேர்ந்தது. எனவே தைவான், சீன நிறுவனங்கள் அப்படியே நகலெடுத்தன. பிறகு மொத்தப் பெட்டியையும் ஒரே சிப்புக்குள் அடக்கிவிட்டார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் சென்னை பர்மா பஜாரிலும் பேரம் பேசி வாங்கிய 'டிவி கேம்' அதுதான். காப்புரிமைப்படி பார்த்தால் திருட்டுச் சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அசல் சரக்கு வேண்டுமென்றால்? சேகா நிறுவனத்தின் மெகா டிரைவை 1995-ல் இங்கே ஷா வாலஸ் நிறுவனம் விற்றது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது. அப்படியும் விலை 18 ஆயிரம் ரூபாய்! அன்றைக்குப் பலருக்கு அது பல மாதச் சம்பளம். ஆக, 'சேகாவா, நின்டெண்டோவா' என்று 90-களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் போட்ட சண்டை நம் தெருவில் நடக்க வாய்ப்பே இல்லை. கேசட் வைத்திருப்பவன் வீட்டில் இடம் பிடிப்பதுதான் நம் சண்டை.

என் பட்டியல்

முதலிடம் நின்டெண்டோ 64-க்குத்தான். திட்டுபவர்கள் திட்டலாம். 1996-ல் வந்த பெட்டி அது. அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 1994 டிசம்பரில், சோனி பிளேஸ்டேஷன் சிடியோடு வந்துவிட்டது. ஒரு சிடியில் 650 எம்பி அளவுக்குக் கொள்ளும்; நின்டெண்டோ 64 கேசட்டில் அதிகபட்சமே 64 எம்பி. கேசட் தயாரிப்புச் செலவும் அதிகம். விளைவு, அதற்கு வந்த கேம்கள் 400-க்கும் குறைவு. அவற்றில் மரியோ 64, 1998-ல் வந்த செல்டா போன்ற சில கேம்கள் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழெட்டு கேம்களின் புகழைப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. மூன்று கொம்பு வைத்த கண்ட்ரோலர் வேறு. அதன் நடுக்குச்சியை உள்ளங்கையால் சுழற்றிப் பிள்ளைகளின் கை புண்ணாகி, கடைசியில் 2000-ம் ஆண்டு நின்டெண்டோ கையுறை தருவதாக ஒப்புக்கொண்டது. இதையும் லெஜண்டு கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க என்.இ.எஸ். பெட்டியும் ஓவர்ரேட்டட்தான். கேம்களைச் சொல்லவில்லை, பெட்டியை. வீடியோ பிளேயர் மாதிரி இருக்கவேண்டும் என்று கேசட்டை முன்பக்கம் நுழைத்து அமுக்கும்படி செய்தார்கள். உள்ளே இருந்த 72 முள் கனெக்டர் தேய்ந்ததும் திரை மின்னி மின்னி அணையும். எல்லோரும் கேசட்டை ஊதினார்கள். ஊதியதால் ஓடவில்லை, எடுத்துத் திரும்பச் சொருகியதால் ஓடியது. ஊதியதன் ஈரம் முள்ளைத்தான் கெடுத்தது. நம் நகல் பெட்டியில் கேசட் மேலிருந்து சொருகும் வகை, பூட்டு சிப்பும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் திருட்டுச் சரக்கு அசலை ஜெயித்தது.

1990-ல் வந்த நியோ ஜியோ வீட்டுப் பெட்டியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. விலை 650 டாலர். பணக்காரர்களின் பொம்மைக்கு இன்று நாம் ஏன் ஏங்கவேண்டும்?

நம் பெட்டியையும் விடப்போவதில்லை

'அப்போ நம்ம டிவி கேம்தான் பெஸ்ட்' என்று முடித்தால் அதுவும் பொய். '9999 இன் 1' கேசட் நினைவிருக்கிறதா? எண்ணிப் பார்த்தால் உருப்படியாகச் சில டஜன்கூடத் தேறாது. ஒரே கேமை மூன்றாவது லெவலில் ஆரம்பித்தால் அது இன்னொரு கேம், உயிர் கூடுதலாகக் கொடுத்தால் வேறொரு கேம். இப்போதும் '400 கேம்' என்று அட்டை போட்டு ஆன்லைனில் விற்கிறார்களே, அதே வம்சம்தான். அடாப்டர் சூடு பிடிக்கும், பட்டன் இரண்டு மாதத்தில் அமுங்கிவிடும்.

இன்னொன்று. பால் முறை டிவிக்காகச் செய்த பெட்டிகள் நொடிக்கு 50 படம்தான் காட்டும். ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் 60. அதனால் நம்மில் பலர் அறிந்த மரியோ கொஞ்சம் மெதுவானவர். இன்று அசல் வேகத்தில் விளையாடினால் 'என்னடா இவ்ளோ வேகமா ஓடுறான்' என்று தோன்றுவது வயதானதால் மட்டுமல்ல. சேமிக்கும் வசதியும் அந்த மரியோவில் கிடையாது. எட்டாவது உலகம் வரை வந்தபிறகு கரண்ட் போனால், முதலிலிருந்துதான். ராஜபாளையத்தில் மின்வெட்டு நேரத்தைப் பஞ்சாலைக்காரர்களுக்கு அடுத்தபடியாகச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தது நாங்கள்தான்.

புகழுக்குத் தகுதியான பெட்டி என்று ஒன்றைக் கேட்டால் பிளேஸ்டேஷன் 2 என்பேன். 2000-ல் வந்து, 2013 தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்தது. உலகம் முழுக்க 16 கோடி விற்றதாக சோனியே சொல்கிறது. பழைய பிளேஸ்டேஷன் சிடியும் அதில் ஓடும், டிவிடி படமும் ஓடும். 'படம் பார்க்கத்தாம்மா' என்று சொல்லி வாங்கமுடிந்த ஒரே கேம் பெட்டி அதுதான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, கடையில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்து மல்யுத்தமும் கிரிக்கெட்டும் ஆடிய தலைமுறைக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

28 ஆயிரத்துக்கு முன் மூன்று கேள்வி

நண்பனிடம் கேட்டதையே இங்கும் கேட்கிறேன். அமெரிக்கப் பெட்டி என்றால் அடாப்டர் 120 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான். அதற்கு என்ன ஏற்பாடு? பழைய கேசட் பலவற்றில் சேமிப்புக்காக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். 25 வருடம் தாண்டிய அது உயிரோடு இருக்கிறதா? மூன்றாவது, உன் புது டிவியில் அந்தப் பழைய வீடியோ ஒயருக்கு ஓட்டை இருக்கிறதா?

கேம்தான் வேண்டுமென்றால் போனிலேயே எமுலேட்டர் உண்டு. ஆப்பிள்கூட 2024 ஏப்ரலில் தன் ஆப் ஸ்டோரில் அனுமதித்துவிட்டது. ஆனால் கேம் ஃபைலை இணையத்தில் இறக்குவது பெரும்பாலும் காப்புரிமை மீறல்தான். அந்த வகையில் நாம் பர்மா பஜாரை விட்டு ரொம்ப தூரம் வந்துவிடவில்லை.

எமுலேட்டரில் சரியாக வராதது ஒன்று உண்டு: வாத்து சுடும் துப்பாக்கி. துப்பாக்கியிலிருந்து எதுவும் பாயாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார் பிடித்தால் வாத்து விழும். பழைய குழல் டிவி தாமதமில்லாமல் வரையும். எல்இடி டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தப்பிவிடுகிறது.

இதைச் சொன்னதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. வண்டியை எடுக்கும்போது கேட்டான். "மாப்ள, உங்க வீட்டுப் பரண்ல அந்தப் பழைய டப்பா டிவி இன்னும் கிடக்கா?"

"கிடக்கு. ரெண்டு வருஷமா அம்மா பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லிட்டே இருக்காங்க."

"போட்டுறாத. துப்பாக்கி எங்கிட்ட இருக்கு."