மஞ்சள், மிளகு, அந்த 2000 சதவீதம்

"மஞ்சளோட மிளகு சேர்த்தா உடம்பு 2000 சதவீதம் அதிகமா உறிஞ்சும். எந்த டாக்டரும் இதைச் சொல்ல மாட்டார்." இந்த ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். அரசு மருத்துவமனை டாக்டர் நானே சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

சில மாசம் முன்னாடி அனுமந்தன்பட்டியில இருந்து ஒரு அம்மா வந்தாங்க (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்). விடிகாலை ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறவங்க. ரெண்டு கண்ணும் மஞ்சள். குடிப்பழக்கம் இல்லை. வைரஸ் டெஸ்ட் நெகட்டிவ். ஸ்கேன்ல கல் இல்லை.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

மூணாவது தடவை கேட்டப்பதான் பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்தாங்க. மூட்டு வலிக்குக் குர்குமின் கேப்சூல், மிளகுச் சத்து சேர்த்தது. விலை அவங்களோட ரெண்டு நாள் கூலி. "இது மாத்திரை இல்லையே சார், மஞ்சள்தானே?"

நிறுத்தினோம். சில வாரத்துல லிவர் டெஸ்ட் பழைய நிலைக்கு வந்துச்சு. இது ஒண்ணை வச்சு கேப்சூல்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மஞ்சள் சப்ளிமென்ட்டால லிவர் கெட்ட 10 பேரைப் பத்தி அமெரிக்க மருத்துவர்கள் 2022-ல எழுதினாங்க. அதுல ஒருத்தர் இறந்துட்டார். 2023-ல ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 18 புகார்களைக் காட்டி எச்சரிக்கையே விட்டுச்சு.

சரி, அந்த 2000 பொய்யா? இல்லை. 1998-ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில செஞ்ச ஆய்வு. ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தாங்க. தனியா கொடுத்தப்ப ரத்தத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியல. மிளகுல இருக்கிற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தப்ப அளவு கூடுச்சு, அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு. ஒண்ணுமில்லாததோட இருபது மடங்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. மஞ்சள்தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2 கிராம் வேணும்னா 60 கிராமுக்கு மேல தூள் முழுங்கணும். உங்க குழம்புக்கு அரை ஸ்பூன்.

விற்கிறவங்க சொல்லாத விஷயம், மிளகு இதை எப்படிச் செய்யுதுங்கிறது. குடலும் லிவரும் குர்குமினை வெளிய அனுப்ப வேண்டிய பொருளா பார்த்து, அது மேல இன்னொரு மூலக்கூறை ஒட்டிக் கழிச்சு விட்டுரும். பைப்பரின் அந்த வேலையைத் தடுக்குது. அதாவது வாசல்ல நிக்கிற வாட்ச்மேனைக் கட்டிப் போடுறோம். அவர் குர்குமினுக்கு மட்டும் வாட்ச்மேன் இல்லையே! வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், பிரஷர் மாத்திரை ப்ரோப்ரனலால், இதெல்லாமும் பைப்பரினோட ரத்தத்துல கூடுறது ஆய்வுகள்ல தெரிஞ்ச விஷயம். ஃபெனிட்டாயின் கொஞ்சம் கூடினாலே ஆள் தள்ளாடுவார்.

இன்னொண்ணு. ரத்தத்துல ஏறுறது வேற, நோய் குணமாகுறது வேற. மூட்டு வலியில சில சின்ன ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டுது, மறுக்கல. சுகர், கேன்சர் குணமாகும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்லை. இதை நம்பி மெட்ஃபார்மினை நிறுத்திட்டு வர்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது, அவங்க மேல இல்ல, அனுப்பினவங்க மேல. "இயற்கைதானே டாக்டர்"னு கேட்பீங்க. எட்டிக்காயும் மரத்துல காய்க்கிறதுதான்.

மிளகு ரசம், மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பால், தாராளமா சாப்பிடுங்க. நானும் சளி பிடிச்சா குடிக்கிறேன். சமையல் அளவுக்குப் பயமே வேண்டாம். நான் சொல்றது கேப்சூலை.

ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? சிறுநீர் கடுங்காப்பி நிறத்துல போறது, உடம்பு அரிப்பு, குமட்டல், கண் மஞ்சள், இதுல எது வந்தாலும் அன்னைக்கே நிறுத்திட்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. வரும்போது டப்பாவை எடுத்துட்டு வாங்க. கேட்காமலே டேபிள் மேல வைங்க.