அடி தட்டாத தாழ்வு

பெங்களூரில் காரைத் தாழ்த்த ஆசைப்படுகிறவர் டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் தெருவுக்குத்தான் போக வேண்டும். வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் எத்தனை ஹம்ப், ஒவ்வொன்றும் என்ன உயரம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு எங்கே முறிகிறது என்பதுதான் முதல் கணக்கு.

சாலை ஹம்ப்புக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஐ.ஆர்.சி. 99 என்ற அந்த விதிப்படி, வளைந்த ஹம்ப்பின் உயரம் 10 செ.மீ., கார் ஓடும் திசையில் அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் உள்ள சின்னக் கார் அதன்மேல் முழுசாக ஏறி நிற்கிறது என்று வையுங்கள். அடிவயிற்றை நோக்கி மேடு எழும்புவது ஏறக்குறைய நாலரை செ.மீ. மட்டுமே. 12 செ.மீ. கிளியரன்ஸ் இருந்தாலே தாராளமாகத் தாண்டிவிடலாம்.

தெருக்காரர்கள் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டிக் குவிக்கிற ஹம்ப்பில் இந்தக் கணக்கு செல்லாது. அரை மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரம் என்றால் அந்த 15 செ.மீ. முழுவதும் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். 2006-இல் இங்கே வந்த ஹோண்டா சிவிக், கம்பெனி ஸ்பிரிங்கோடேயே, ஆள் நிறைய ஏறினால் அடி தட்டுகிற கார் என்று பேர் வாங்கியது இப்படிப்பட்ட மேடுகளால்தான்.

கிளியரன்ஸ் குறைவது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். கண்ணுக்குத் தெரியாதது சக்கரம் மேலே போய்வரும் தூரம். வண்டியை 30 மி.மீ. இறக்கினால், பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும் வரை சக்கரம் ஏறக்கூடிய தூரத்தில் அந்த 30 மி.மீ. போயிற்று. பள்ளத்தில் 'டம்' என்று முதுகில் அறைவது ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் பம்ப் ஸ்டாப். அதைத் தொடாமலிருக்கத்தான் லோயரிங் ஸ்பிரிங்கைக் குட்டையாக்குவதோடு கெட்டியாகவும் செய்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் உள்ள காரைத் தாழ்த்தினால், எடை மையம் இறங்குவதைவிட வண்டி சாய்கிற அச்சுப் புள்ளி அதிகமாக இறங்கிவிடும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காமல் விட்டால், நந்தி மலை வளைவில் தாழ்ந்த கார் பழைய காரைவிட அதிகமாகவே சாயலாம்.

இதில் மலிவான வழி ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டுவது. அது வேண்டவே வேண்டாம். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரவும் கூடும். அடுத்தது ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் ரெடிமேட் லோயரிங் ஸ்பிரிங். தினமும் ஆபீஸ் போகிற காருக்கு 25, 30 மி.மீ. இறக்கம் போதும். ஆனால் ஓடித் தேய்ந்த பழைய ஷாக்கின் மேலேயே அதைப் போட்டால், கெட்டி ஸ்பிரிங்கின் துள்ளலை அந்த ஷாக் அடக்காது. பணம் பாதி வீண்.

மூன்றாவது வழி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுப்பாக வரும் காயில்ஓவர். இதில் உயரத்தை நாமே வைக்கலாம். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, உயரம் எந்த வளையத்தில் மாறுகிறது என்பது. சிலவற்றில் ஸ்பிரிங் இருக்கையைத் திருகி இறக்குவார்கள்; அப்போது ஷாக்கின் வேலைத்தூரம் குறையும். கீழ்ப்பகுதியே தனியாகத் திருகி ஏறியிறங்கும் வகையில் ஷாக்கின் தூரம் அப்படியே இருக்கும். பெங்களூருக்கு இரண்டாவதுதான் ஏற்றது.

உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றிவிடும். வீல் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்பு வரை அளப்பதே சரி. சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது; வண்டி தன் காலில் நின்ற பிறகு இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கிக் கிழியாது. ஷாக்கின் கெட்டியை மாற்றும் திருகு இருந்தால், அதன் கிளிக்கை முழுக் கெட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் டோ கோணம் தவறினால் டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் தேயும். பின்னால் ட்விஸ்ட் பீம் உள்ள கார்களில் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, திருத்த ஷிம் வைப்பதைத் தவிர வழியில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்கவில்லையென்றால் ஹெட்லைட் கோணமும் மாறியிருக்கும்.

சட்டத்தின் கதை வேறு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்றது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. ஆர்.சி.யில் சஸ்பென்ஷன் உயரத்துக்குக் கட்டம் இல்லை என்று தாழ்த்தியவர்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை நம்பி இறங்குகிறவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் குனிந்து பார்க்கிற முதல் சில இடங்களில் சஸ்பென்ஷனும் ஒன்று. கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் பரணில் வைத்துக்கொள்ள வேண்டும், காரை விற்கிற அன்றைக்கு வாங்குகிறவர் கேட்பார்.