கறியா, கலப்பையா? எலும்பு சொல்லும் சேதி

கொடும்பாளூருக்கு வர்றவங்க மூவர் கோயிலைப் பார்ப்பாங்க. மூணில் மிச்சமிருக்கிற ரெண்டு கோயிலைப் படம் பிடிச்சுக்கிட்டு, பூதி விக்கிரமகேசரி பேரைச் சொல்லிட்டுக் கிளம்பிடுவாங்க. கல்வெட்டு ராஜாவைப் பற்றிச் சொல்லும், தானத்தைப் பற்றிச் சொல்லும். ஏர் ஓட்டினவன் வீட்டுத் தொழுவத்தில் என்ன மாடு நின்னுச்சு, அது என்ன தின்னுச்சு என்பதை எந்தக் கல்லும் சொல்றதில்லை. அதைச் சொல்றது குப்பைக்குழியில் கிடக்கிற எலும்பு.

இங்கிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கு கீழடி. அங்கே கிடைச்ச 70 எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தாங்க. முடிவைத் தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, காட்டுப்பன்றி, நீலமான், வெளிமான், மயில் என்று பட்டியல் போகுது. பாதிக்கு மேல் மாடும் எருமையும் ஆடும்தான். சில எலும்புகளில் வெட்டுத் தழும்பு இருந்தது.

அவ்வளவுதான், நம்ம ஊரில் சண்டை கிளம்பிடுச்சு. முன்னோர் கறி சாப்பிட்டாங்களா இல்லையா? சாப்பிட்டாங்க. தழும்பு இருக்கு, மறைக்க என்ன இருக்கு? ஆனால் உழவர்களுக்கு இதில் அதைவிடப் பெரிய சேதி இருக்கு, அதை யாரும் பேசலை. மாடு, ஆடு, காட்டு விலங்கு எல்லாம் ஒரே ஊரின் எலும்பில் சேர்ந்து கிடக்குது. வயல், தொழுவம், காடு மூணும் சேர்ந்துதான் அந்த ஊர் பிழைச்சிருக்கு. (70 துண்டை வச்சு ஒரு நகரத்தின் முழுக் கதையையும் எழுதிட முடியாது என்பதும் உண்மை.)

எலும்பை எப்படிப் படிக்கிறாங்க என்று கேட்டால் மணப்பாறைச் சந்தைத் தரகருக்குச் சிரிப்பு வரும். அவர் மாட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்க்கிறார். ஆய்வாளரும் பல்லின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் செத்தபோது மாட்டுக்கு என்ன வயசு என்று சொல்றார். நல்லா வளர்ந்த இளவயதில் அறுபட்ட எலும்பு அதிகமா இருந்தால் கறிக்காக வளர்த்தது. காளைக்கன்றுகள் பால்குடி வயசிலேயே போயிருந்தால் பாலுக்காக வளர்த்தது. கிழட்டு மாட்டு எலும்பு நிறைய இருந்தால் உழைச்சு, ஈன்று, வயசாகிச் செத்தது. நுகத்தடி சுமந்த மாட்டின் கால் விரல் எலும்பு அகலமாகி, ஓரத்தில் முள்ளு மாதிரி வளர்ந்திருக்கும். தின்ன தீவனம்கூட எலும்பில் பதிஞ்சிருக்கு. சோளத்தட்டை, கம்பந்தட்டை, மேய்ச்சல் புல் இதெல்லாம் எலும்பின் கரிமத்தில் ஒரு அடையாளம் விடும். நெல் வைக்கோலும் பயற்றங்கொடியும் வேறு அடையாளம் விடும். புஞ்சைத் தீவனமா, நஞ்சைத் தீவனமா என்று ஆயிரம் வருஷம் கழிச்சும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

இதே அளவுகோலை இன்னைக்கு நம்ம ஊர் மேல வச்சுப் பாருங்க. கலப்பினப் பசு ஈன்றது காளைக்கன்றா இருந்தால் சில வாரத்தில் கைமாறிப் போகுது. ஏர் மாடு அருகிப்போச்சு. கிழட்டு மாட்டு எலும்பு எங்கே கிடைக்கும்? குப்பையில் கிடக்கிறது பிராய்லர் கோழி எலும்பு. மனிதன் பூமியை மாற்றின காலத்துக்கு அடையாளமாக அந்த எலும்பையே கொள்ளலாம் என்று 2018-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் எழுதினாங்க. ஆறு வாரம்கூட நிம்மதியா வாழாத உயிர் அது.

இயற்கை விவசாயத்துக்கு வந்த நம்ம ஆட்களிலும் பலபேர் வீட்டில் மாடு இல்லை. கேனில் கோமியம் வாங்குறோம், மூட்டையில் எரு வாங்குறோம், பிறகு முன்னோர் வழி என்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் விவசாயியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மாடு வச்சால் மேய விட இடம் வேணுமே! புதுக்கோட்டை மாவட்டத்தில் மேய்ச்சல் நிலமும் குளத்துக்குத் தண்ணீர் வரும் மேடும் எத்தனையோ இடங்களில் தைலமரக்காடாக நிக்குது. அதுக்கடியில் மாடு கடிக்கப் புல் முளைக்கிறதில்லை.

தெலங்கானாவில் உட்னூர் என்ற இடத்தில் 1950-களில் ஆல்ச்சின் என்ற ஆய்வாளர் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். அது 4000 வருஷத்துக்கு முந்திய மாட்டுப்பட்டி. குவிஞ்சு எரிஞ்ச சாணத்துக்கு நடுவில் குளம்புத் தடம் அப்படியே பதிஞ்சிருந்தது. நம்ம பக்கத்துக் கிடை அந்தப் பட்டிக்கு ஒரு படி மேல். அறுவடை முடிஞ்ச வயலில் ராத்திரிக்கு ராத்திரி இடம் மாத்திப் போடுறதால சாணமும் மூத்திரமும் நேரா மண்ணுக்குப் போகுது. சொந்தமா மாடு வைக்க முடியாதவங்க உரக் காசில் ஒரு பங்கை எடுத்து வச்சு, கோடையில் கீதாரியைக் கூப்பிட்டுக் கிடை போடலாம். பக்கத்துப் பக்கத்து வயல்காரங்க நாலு பேர் சேர்ந்தால் செலவும் குறையும், கீதாரிக்கும் தொடர்ந்து பத்து நாள் தங்க இடம் கிடைக்கும்.

அடுத்த கிராமசபைக்குப் போகும்போது உங்க ஊர் மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிக்கிட்டுப் போங்க. அதில் இப்போ என்ன நிக்குது என்று சபையில் கேளுங்க, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏத்தச் சொல்லுங்க.