‘கூறப்படுகிறது’ என்றால், கூறியவர் யார்?

புனேயிலோ சென்னையிலோ, ஆங்கிலத்தில் அமைந்த முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றின் முன்னாய்வு இயலைத் திறந்தால், சில வரிகளுக்குள்ளாகவே ‘இட் ஈஸ் செட் தட்’ எதிர்ப்படும். அடுத்த பத்தியில் ‘இட் ஹாஸ் பீன் ஆர்க்யூட்’. அதற்கடுத்து ‘இட் ஈஸ் வைட்லி பிலீவ்ட்’. தமிழில் எழுதும் மாணவரும் இப்பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டு ‘கூறப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று பக்கங்களை நிரப்புகிறார். கூறியவர் யார், கருதியவர் யார் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் மாணவர் நெறியாளரைப் பார்க்கிறார். நெறியாளர் கூரையைப் பார்க்கிறார். ஆயினும் இதுவே ஆய்வு நடை என்று இருவரும் நம்புகின்றனர். இது பொறுப்பைக் கைகழுவும் நடை.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்பதில் ‘நான்’ வெளிப்படையாக இல்லை. ஆனால் வினைமுற்றின் விகுதியே வந்தவரைக் காட்டிவிடுகிறது. ‘கூறப்படுகிறது’ என்பதில் அந்த வசதி இல்லை. அதன் அஃறிணை ஒருமை விகுதி செய்தியைச் சுட்டுமே தவிர, செய்தியைச் சொன்ன ஆளைச் சுட்டாது. ‘இன்னாரால்’ என்ற மூன்றாம் வேற்றுமைச் சொல் உடன் நின்றால்தான் வினைமுதல் விளங்கும். எழுதுபவர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால், வாசகர் திரும்பிச் சென்று சரிபார்க்கும் வழி முழுவதும் அடைபடுகிறது.

அந்தச் சொல்லை விடுவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது சோம்பல்: மூல நூலைப் படிக்காமல், அதைப் பற்றி வேறொருவர் எழுதியதை மட்டும் படித்தவர், மூலத்தையும் சுட்ட இயலாமல், இடையாளையும் சுட்ட விரும்பாமல் ‘கூறப்படுகிறது’ என்கிறார். இரண்டாவது அச்சம்: மறுக்கவேண்டிய கருத்து துறைத்தலைவருடையதாகவோ, நாளைய புறத்தேர்வாளருடையதாகவோ இருந்தால் ‘சிலரால் கருதப்படுகிறது’ என்று பெயரை மறைத்துவிட்டு மறுக்கிறார். மூன்றாவது எல்லாவற்றினும் கொடியது: தம் சொந்த ஊகத்தை ஊராரின் வாயில் வைக்கிறார். ‘நான் இவ்வாறு எண்ணுகிறேன்’ என்று எழுதினால் சான்று கேட்பார்கள். ‘இவ்வாறு எண்ணப்படுகிறது’ என்று எழுதினால் எவரும் கேட்பதில்லை.

இதெல்லாம் வெறும் நடைக்குற்றம், இதற்கு இவ்வளவு ஆத்திரம் வேண்டியதில்லை என்பவர்கள் புனே நகரின் அண்மைக்கால வரலாற்றை நினைவில் கொள்ளவேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் லெயின் சிவாஜியைப் பற்றி எழுதிய நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 2003-இல் வெளியிட்டது. சிவாஜியின் பிறப்பு குறித்து மராட்டியர் குறும்பாகச் சொல்லிக்கொள்ளும் நகைச்சுவை ஒன்றைக் குறிப்பிடும் வாக்கியம் அதில் இருந்தது. சொன்னவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை பேர் வாயிலாக நூலாசிரியர் அதைக் கேட்டார் என்ற விவரம் எதுவும் அவ்வாக்கியத்தில் இல்லை. ஒரு மக்கள் கூட்டம் முழுவதுமே அதன் எழுவாய்.

பின்னர் நடந்தவை நாடறிந்தவை. புனே வரலாற்றாய்வாளர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்துப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினர். 2003 நவம்பரில் பதிப்பகம் இந்தியாவில் நூலைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில், அந்நூலின் நன்றியுரையில் பெயர் இடம்பெற்றிருந்த சமஸ்கிருத அறிஞர் ஒருவரின் முகத்தில் ஒரு கும்பல் கரி பூசியது. 2004 ஜனவரி 5 அன்று சம்பாஜி பிரிகேட் அமைப்பைச் சேர்ந்தவர்கள் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் தளவாடங்களையும் சூறையாடினர். அந்நிறுவனத்தின் பெயரும் நன்றியுரையில் இருந்தது. அதே மாதம் மாநில அரசு நூலுக்குத் தடை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2007-இல் அத்தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2010-இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அடிக்குறிப்பு இல்லாத ஒரு வாக்கியம் நூலகத்தைச் சூறையாடுவதற்கு உரிமை தராது. குற்றம் சூறையாடியவர்களுடையது, அதில் ஐயத்துக்கு இடமில்லை. சான்று காட்டியிருந்தால் கும்பல் சமாதானம் அடைந்திருக்கும் என்று நினைப்பதும் பேதைமை. ஆனால் ஆய்வுலகம் தன்னளவில் பார்க்கவேண்டியது வேறொன்று. நூலில் பெயரோடு நின்றவர்கள், அதாவது சுவடி எடுத்துக் கொடுத்தவர்கள், ஐயம் தீர்த்தவர்கள், இடம் கொடுத்த நிறுவனத்தார் ஆகியோர் அடிபட்டனர். பெயரின்றி நின்றவர்கள், அதாவது அந்த நகைச்சுவையைச் சொன்னதாக நூல் காட்டும் ‘மராட்டியர்’, எங்கும் இல்லை. விசாரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. யாரும் பொறுப்பேற்காத ஒரு கூற்றின் சுமை, அதைச் சொல்லாதவர்களின் தலையில் இறங்கியது.

இன்னொன்றும் இங்கே விளங்குகிறது. அந்த வாக்கியம் இலக்கணப்படி செய்வினைதான். எனவே செயப்பாட்டு வினையைத் திருத்திவிட்டால் போதும் என்று மொழிநடைக் கையேடுகள் சொல்லும் மருந்து நோயைத் தீர்க்காது. ‘கூறப்படுகிறது’ என்பதை ‘அறிஞர்கள் கூறுவர்’ என்று மாற்றினால் வினை மாறுகிறது. அறிஞர் யார் என்பது முன்போலவே இருளில் கிடக்கிறது. ‘மக்கள்’, ‘பலர்’, ‘ஒரு சாரார்’, ‘விமர்சகர்கள்’ எல்லாம் ‘படு’ என்னும் துணைவினையின் உடன்பிறப்புகளே.

வேடிக்கை என்னவென்றால், சூறையாடலுக்கு உள்ளான அதே நிறுவனம், ‘யார் சொன்னது’ என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே ஆகப்பெரிய விடையை எழுதிய இடம். 1917-இல் தோன்றிய பண்டார்கர் நிறுவனம் 1919-இல் மகாபாரதச் செம்பதிப்பைத் தொடங்கியது. வி. எஸ். சுக்தாங்கர் 1925-இல் பொறுப்பேற்று அதன் நெறிமுறைகளை வகுத்தார். 1966-இல் பணி நிறைவுறும்வரை பதிப்பாளர்கள் 1259 சுவடிகளை ஆராய்ந்தனர். பக்கத்தின் மேலே பாடம். கீழே எந்தச் சுவடியில் எந்தச் சொல் வேறுபடுகிறது என்ற குறிப்பு. ஒரு சொல்லுக்குக்கூட ‘வேறு பாடமும் காணப்படுகிறது’ என்று சொல்லிவிட்டு அவர்கள் நகரவில்லை. அதே நகரின் டெக்கான் கல்லூரியில் எஸ். எம். கத்ரே 1948-இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதித் திட்டத்துக்காக, ஏறத்தாழ 1500 நூல்களிலிருந்து ஒரு கோடி அளவிலான மேற்கோள் சீட்டுகளை அறிஞர்கள் தொகுத்தனர். ஒவ்வொரு பொருளும் எந்த நூலில், எந்தக் காலத்தில் வருகிறது என்று காட்டுவதே அதன் நோக்கம். இந்த இரண்டு கட்டடங்களையும் அன்றாடம் கடந்து சென்று நூலகத்தில் அமரும் மாணவர் ‘இட் ஈஸ் செட் தட்’ என்று எழுதுவது, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தாகத்தால் வாடுவதற்கு ஒப்பாகும்.

தமிழ்த் துறைகளில் இதற்கு ஒரு மறுப்பு ஆயத்தமாக உண்டு. தொல்காப்பியரே ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என்று பெயர் சுட்டாமல் முன்னோரைக் காட்டவில்லையா, நம் மரபே அதுதானே என்பர். தொல்காப்பியரின் ‘என்ப’ ஒரு மரபுக்குள் எல்லாரும் ஏற்ற முடிபைக் குறிக்கும் சொல். அவர் காலத்துக் கற்போர் கூட்டத்துக்கு அந்தப் ‘புலவர்’ யார் என்பது தெரிந்திருக்கக்கூடும். இன்றைய ஆய்வேட்டின் ‘கூறப்படுகிறது’ அவ்வாறு கற்றோர் அவை ஏற்ற எதையும் சுட்டுவதில்லை. மேலும், அம்மரபுக்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. ‘என்பாரும் உளர்’ என்று உரையாசிரியர்கள் பெயர் சொல்லாமல் மறுத்த கருத்துகள் பலவற்றுக்கு உரியவர் யார் என்று இன்று அறிய வழியில்லை. சேனாவரையர் ‘உரையாசிரியர்’ என்று மட்டும் குறிப்பிட்டு மறுப்பவர் இளம்பூரணரே என்பதைப் பிற்காலத்தார் ஒப்பிட்டு அறியவேண்டியிருக்கிறது. இளம்பூரணரின் உரை நிலைத்ததால் அது இயன்றது. உரையே அழிந்துபோனவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பாணினியோ தம் அஷ்டாத்யாயியில் சாகடாயனர், சாகல்யர், கார்க்கியர் உள்ளிட்ட முன்னாசிரியர் பதின்மரைப் பெயர் சுட்டிச் செல்கிறார். அவர்கள் நூல்கள் மறைந்தாலும் பெயரும் கருத்தும் நிற்கின்றன. மரபைத்தான் பின்பற்றவேண்டும் என்றால், தமக்குச் சுவடி தந்தவர்களை முகவுரைகளில் பெயரோடு பதிவுசெய்த உ. வே. சாமிநாதையரும் நம் மரபே.

இரண்டாவது மறுப்பு கனமானது. களஆய்வில் தகவல் தந்தவரின் பெயரை வெளியிட்டால் அவருக்குத் தீங்கு நேராதா? நேரலாம், 2003 டிசம்பரே அதற்குச் சான்று. சாதிக் கொடுமையைச் சொன்ன கூலித்தொழிலாளியின் பெயரை எந்த ஆய்வாளரும் அச்சேற்றக் கூடாது. ஆனால் பெயரை மறைப்பது வேறு, சான்றையே மறைப்பது வேறு. ‘2019-இல், புனே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த மூன்று பெண்கள் தனித்தனியே சொன்னது, குறிப்பேடு ஆய்வாளரிடம் உள்ளது’ என்று எழுதினால் பெயரும் காப்பாற்றப்படும், வாசகர் அக்கூற்றின் எடையையும் அறிவார். ‘அப்பகுதி மக்களிடையே நம்பப்படுகிறது’ என்பது அந்த மூவரையும் காக்கவில்லை. மூவர் சொன்னதை மூவாயிரம் பேர் தலையில் கட்டுகிறது.

நிறுவனங்களும் இதற்கு உடந்தை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன; அதற்குமேல் 40, 60 என்று படிகள் வகுத்திருக்கின்றன. அன்றுமுதல் மாணவரின் கவலை அனைத்தும் அந்த எண்ணிலேயே குவிந்திருக்கிறது. மென்பொருள் சொற்களின் ஒப்புமையை எண்ணும். ‘யார் சொன்னது’ என்று கேட்காது. பிறர் கருத்தை எடுத்து, சொற்களை மாற்றி, முன்னால் ‘இட் ஹாஸ் பீன் ஆர்க்யூட்’ சேர்த்தால் விழுக்காடு இறங்கிவிடும். திருட்டு அப்படியே இருக்கும், சான்றிதழும் கிடைத்துவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இத்தகைய வாக்கியம் ஒன்றைக் காணும் தன்னார்வலர் அதன் தோளில் ‘யாரால்?’ என்று ஒரு குறியை மாட்டிவிட்டுப் போகிறார். ஊதியம் பெறாத அவர் கேட்கும் அந்த ஒற்றைச் சொல்லை, ஊதியம் பெறும் நெறியாளர்களும் தேர்வாளர்களும் கேட்பதில்லை.

செயப்பாட்டு வினையை அடியோடு ஒழிக்கவேண்டும் என்பது இங்கு வாதமன்று. செய்தவர் யார் என்பது பொருட்டல்லாத இடத்தில் அது முறையான வழக்கே. ‘சுவடி 1820-இல் படியெடுக்கப்பட்டது’ என்று எழுதி, படியெடுத்தவர் பெயர் சுவடியில் இல்லை என்றும் குறிப்பிட்டால் அது நேர்மை. கருத்துக்கு மட்டும் அந்தச் சலுகை பொருந்தாது. ஒருவரின் மனத்தில் பிறக்காத கருத்து உலகில் இல்லை.

ஆகவே, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் மாணவர் செய்யவேண்டியது அரைநாள் வேலை. ‘கூறப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘அறிஞர்கள் கூறுவர்’ ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றின் அருகிலும் பெயர், நூல், ஆண்டு, பக்கம் எழுதவேண்டும். எழுத இயலாதவற்றில், தம் கருத்தாக இருப்பதைத் தம் கருத்து என்றே எழுதவேண்டும். எஞ்சியவற்றை நீக்கிவிடவேண்டும். அதன்பின் முன்னாய்வு இயல் பாதியாகச் சுருங்கினால், அந்தப் பாதியில் ஆய்வு ஒருபோதும் இருந்ததில்லை என்று பொருள்.