ஆர்டர் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு!

இந்தோனேசியாவின் டாங்கெராங் நகரில் ‘பி.டி. கிசோன்’ என்றொரு தையல் ஆலை இருந்தது. அடிடாஸ், நைக்கி போன்ற நிறுவனங்களுக்கு விளையாட்டு உடைகள் தைத்துக்கொடுத்த ஆலை. 2011 தொடக்கத்தில் அதன் முதலாளி நாட்டைவிட்டே ஓடிப்போனார். ஏப்ரலில் ஆலை மூடப்பட்டது. ஏறத்தாழ 2,700 தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். சட்டப்படி அவர்களுக்குக் கணக்கு முடித்துத் தர வேண்டிய தொகை 30 லட்சம் டாலருக்கும் மேல்.

நைக்கியும், ஆர்டர் பிடித்துத்தந்த இடைநிலை நிறுவனம் ஒன்றும் ஒரு பகுதியைக் கொடுத்தன. பாக்கி 18 லட்சம் டாலர். அடிடாஸ் கைவிரித்தது. ஆலை மூடப்படுவதற்கு முன்பே தன் ஆர்டர் முடிந்துவிட்டது என்பது அதன் வாதம். உழைத்த கூலியைக் கேட்டவர்களுக்கு உணவுக் கூப்பன் தர முன்வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் அதிகாரப்பூர்வ விளையாட்டு உடை நிறுவனமும் அதுவே.

தொழிலாளர்கள் ஓயவில்லை. அமெரிக்காவுக்கே போய், பல்கலைக்கழக மாணவர்களிடம் தங்கள் நிலையைச் சொன்னார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடைகளைத் தைத்தவர்களுக்கு நேர்ந்த அநீதியை மாணவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. 2012 செப்டம்பரில் கார்னெல் பல்கலைக்கழகம் அடிடாஸுடனான ஒப்பந்தத்தை முறித்தது. பத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதே வழியில் நடந்தன. 2013 ஏப்ரலில் தொழிற்சங்கத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது அடிடாஸ்.

இந்தப் போராட்டம் நிலைநாட்டிய நியாயம் எளியது. விலையையும் கெடுவையும் முடிவுசெய்வது பிராண்ட் நிறுவனம். அடிமாட்டு விலைக்கு ஆர்டர் எடுக்கும் ஆலை, அந்தச் சுமையைக் கூலியிலும் ஓவர்டைமிலும் இறக்கிவைக்கிறது. ஆகவே, கூலி பாக்கி விழுந்தால் பிராண்டும் பதில் சொல்ல வேண்டும். இது நமக்குப் புதிதும் அல்ல. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தர வேண்டும் என்று 1970-லேயே இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இன்று செய்யாற்றில் நைக்கி காலணிகள் தயாராகின்றன. பெரம்பலூர், ராணிப்பேட்டை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களும் காலணி உற்பத்தியை நோக்கி நகர்கின்றன. திருப்பூரில் விளையாட்டு உடைகள் தைக்கப்படுகின்றன. கிராமத்துப் பெண்களுக்கு வீட்டருகே மாதச் சம்பளம் கிடைப்பதை மனமார வரவேற்கிறோம். அந்தச் சம்பளம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதே நம் கவலை. டாங்கெராங்கில் நடந்தது இங்கும் நடந்த பிறகு நிவாரணம் தேடக் கூடாது.

நிலமும் சலுகையும் தரும் அரசுக்கு நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு. ஆலை மூடினாலும் கூலி பாக்கியும் பணிக்கொடையும் கிடைப்பதற்கான வைப்புத்தொகை, சங்கம் அமைக்கத் தடையற்ற உரிமை, ஆர்டர் கொடுக்கும் நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் ஆகிய மூன்றையும் முதலீட்டு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒளிக்க இதில் ஏதுமில்லை. தன் ஆலைகளின் பட்டியலை நைக்கி 2005-லேயே வெளியிட்டிருக்கிறது.

அரசின் வேலை இதோடு முடிவதில்லை. ஜெர்ஸியும் ஷூவும் வாங்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தங்கள் டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும்: தைத்தவருக்குச் சட்டப்படியான கூலி பாக்கியின்றித் தரப்பட்டதற்குச் சான்று வேண்டும். சான்று தராத நிறுவனத்துக்கு ஆர்டர் இல்லை என்று சொல்லும் துணிவும் அவர்களுக்கு வேண்டும்.

- ஆசிரியர்