ஆகாயத்தில் ஒன்றரை நிமிடம்

மும்பைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடத்துக் கேள்விதான். ஆனால் வாஷியில் குடியிருக்கும் தமிழனிடம் கிலோமீட்டரை யாரும் கேட்பதில்லை. அப்பா போய்விட்டார் என்று நடுராத்திரியில் ஊரிலிருந்து போன் வரும்போது, கேள்வி வேறு: “எடுப்பதற்குள் வந்துவிடுவாயா?”

சாந்தாகுரூஸிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,030 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட்டுக்கு ஒன்றேகால் மணி நேர வேலை. கால அட்டவணையிலோ கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் என்று இருக்கும். ஏமாற்று ஒன்றுமில்லை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. மும்பையில் அந்த முறை சுலபத்தில் வராது. இரண்டு ஓடுதளங்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடிகிறது.

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்த தபால் விமானத்தை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போனார். அன்றிலிருந்து ஆகாயப் பயணம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நீண்டுகொண்டே போவது தரைப் பயணம்தான்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு கட்டுப்படியாகாமல் கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு வந்த குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாஷி பாலம், மான்குர்டு, செம்பூர் என்று சுமார் 25 கிலோமீட்டரைக் கடக்க, நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். ஆக, இரண்டு மணி நேரப் பயணம் சென்னையில் இறங்குவதற்குள் ஐந்தரை மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. ஊர் கும்பகோணம் என்றால் கணக்கு அங்கேயும் முடியாது.

2025 டிசம்பர் 25 அன்று நவி மும்பை விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கின. அங்கிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 1,010 கிலோமீட்டர். மிச்சமாகும் 20 கிலோமீட்டர் ஜெட்டுக்கு வெறும் ஒன்றரை நிமிடம். ஆனால் கழியையும் செம்பூர் நெரிசலையும் தாண்ட வேண்டாம் என்பதால் வாஷிக்காரருக்குத் தரையில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் மிச்சம். இந்த வசதிக்காகப் பத்து கிராமங்களின் மக்கள் வீடுவாசலை விட்டுப் போனார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுமுனையில் இதே கதை தலைகீழாகலாம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022இல் தேர்வான பரந்தூர், நகரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நிலத்தைத் தர மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் போராடி வந்திருக்கிறார்கள். அங்கே இறங்கி மயிலாப்பூருக்குப் போக வேண்டியவர், வாஷியில் மிச்சம் பிடித்த நேரத்தை ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தொலைத்துவிடுவார்.

விமான நிலையம் கட்டுபவர்கள் ஓடுதளத்தின் நீளத்தைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய கணக்கு வேறு. நடுராத்திரியில் போன் வந்தால், விடிகாலையில் ஊர்ப்பக்கம் போக ஒரு விமானம் உண்டா? அதைப் பிடிக்க அந்த நேரத்தில் ஒரு ரயிலோ பஸ்ஸோ ஓடுமா? பக்கத்து விமான நிலையம் நிஜமாகவே பக்கத்தில்தான் இருக்கிறதா என்பது அதைப் பொறுத்தது.